ஏப்ரல் வரை தங்கிய ஜனவரி

ரிஷிபாலின் ஒரு ஏக்கர் கோதுமை வயலில் அந்த வருடம் ஜனவரி மாதம் ஏப்ரல் பதினெட்டாம் தேதி வரை இருந்தது. பக்கத்து வயல்களில் வழக்கம்போல பிப்ரவரி வந்தது, மார்ச் வந்தது, மேற்கிலிருந்து சூட்டுக் காற்றும் வந்துவிட்டது. எங்கள் ஊர் பீப்பல்கேடாவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மகசூல் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

எல்லாம் அந்த மனிதரின் இளகிய மனசால் வந்தது. எங்கள் பக்கத்தில் கரும்பைக் கொண்டுவரச் சொல்லி சர்க்கரை ஆலைச் சீட்டு வந்தால்தான் கரும்பை வெட்டலாம், கரும்பு போனால்தான் கோதுமை விதைக்கலாம். ரிஷிபாலுக்குச் சீட்டு நவம்பரிலேயே வந்துவிடும். யாராவது மகள் கல்யாணம், ஆபரேஷன் என்று வாசலில் வந்து நிற்பார்கள். தன் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்கள் சீட்டு வரும் ஜனவரி வரை தன் கரும்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நவம்பரில் விழுந்த விதை எட்டுப் பத்துத் தண்டாகத் தூர் வெடிக்கும். ஜனவரி விதை குளிரில் குறுகி இரண்டோடு நின்றுவிடும், அதிலும் பால் பிடிக்கிற நேரத்தில் சூட்டுக் காற்று வந்து மணியைச் சுருக்கிவிடும். பதினோரு வருடம் வீட்டுத் தானியக் குதிர் பாதிகூட நிறையவில்லை. தீபாவளிக்குப் பிறகு அவர் மனைவி மகேந்திரி கடை மாவில்தான் ரொட்டி தட்டினாள். பன்னிரண்டாம் வருடமும் சீட்டு கைமாறியபோது அவள் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை குதிர் நிறையலைன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். நீங்க ஊருக்கே நல்லவரா இருந்துக்குங்க." அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ரொட்டி மட்டும் வேளைக்கு வந்தது.

ஜனவரி ஆறாம் தேதி ரிஷிபால் விதைத்தார். பயந்து போயிருந்தார், பாவம். பிந்தி விதைத்தால் ஏக்கருக்கு நாற்பது கிலோ போதாது, வெடிக்காத தூரை விதையால்தான் ஈடுகட்ட வேண்டும் என்று கூட்டுறவுக் கிடங்கில் அறுபது கிலோ வாங்கி வடக்கு தெற்காகப் போட்டார். பலகை ஓட்டி மூடிவிட்டு, கடைசி வண்டிக் கரும்போடு ஆலை வரிசையில் போய் மூன்று நாள் நின்றார். பேச்சுதான் இல்லையே, வீட்டில் சொல்லவில்லை. மட்டமாகக் கிடந்த வயலைப் பார்த்த மகேந்திரி, மனுஷன் உழுததோடு கிளம்பிவிட்டார் என்று நினைத்தாள். வீட்டு விதை அறுபது கிலோவை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பக்கத்து வீட்டு ஜக்பீரின் விதைப்புக் கருவியை வாங்கிக் கிழக்கு மேற்காகப் போட்டாள்.

முளை வந்தபோது வயல் பின்னிய கயிற்றுக் கட்டில் மாதிரி இருந்தது. "அண்ணே, இதை அறுக்கப் போறீங்களா, இல்ல மேல படுத்துத் தூங்கப் போறீங்களா?" என்று ஜக்பீர் வரப்பில் நின்று கேட்டான். இவ்வளவு நெருக்கமான பயிர் சாய்ந்துதான் போகும் என்றது ஊர். ரிஷிபால் வயலையே பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"போறவளுக்கு எதுக்கு விதைப்பு, மகராசி?"

"வழியில திங்க ரொட்டி வேணாமா?" என்றாள் மகேந்திரி. சொல்லிவிட்டுத் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாள்.

விதைக்கு ஒரே தண்டுதான் வந்தது. ஆனால் அந்த நெருக்கத்துக்குள் விதையோடு சேர்ந்து விழுந்த ஜனவரிக்கு வெளியே போக இடுக்குக் கிடைக்கவில்லை. பயிரும் சாய இடமில்லாமல் சாயவில்லை. மார்ச்சில் மற்றவர்களின் பிந்திய கோதுமை ஒரே வாரத்தில் வெளுத்தது. இங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றது. சூட்டுக் காற்று வரப்பு வரை வந்து திரும்பிப் போனது. ஜக்பீர் பால் கேன்களைக் கொண்டுவந்து வயலோரம் வைத்தான், எருமைகள் மூஞ்சியை உள்ளே விட்டுக்கொண்டு நின்றன. வேளாண் அதிகாரி கையை விட்டுப் பார்த்து, விறைத்த விரல்களோடு விதைத்த தேதியையும் விதை அளவையும் எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். மணிகள் அவசரமில்லாமல் முற்றின. புருஷனும் பெண்டாட்டியும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அறுத்தார்கள். கடைசிக் கட்டு விழுந்ததும் ஜனவரி குளத்தைத் தாண்டிக் கிழக்கே போனது.

குதிர் நிறைந்து மூன்று மூட்டை மிஞ்சியது. அழைத்துப்போக வந்த அண்ணன் எட்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார்.

நவம்பரில் சீட்டு வந்தது. மகள் கல்யாணம் என்று இம்முறை ஜக்பீரே வந்து நின்றான். ரிஷிபால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

"குடுத்துடுங்க" என்றாள் மகேந்திரி. "நமக்கு ஜனவரியே போதும்."

ஜனவரி ஆறாம் தேதி அவர் வடக்கு தெற்காக விதைத்தார். மறுநாள் அவள் கிழக்கு மேற்காக விதைத்தாள். ஸ்வெட்டர்களை மே மாதம் வரை பெட்டியில் வைக்கவில்லை.