வேர்க்காத சுவர்

கொத்தனார் சுத்தியல் பிடியால் படுக்கையறைச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டில் பூச்சு பொலபொலவென்று என் கணவரின் காலடியில் உதிர்ந்தது. ஐந்து வருடமாக ஒவ்வொரு கோடையிலும் அவரே சிமெண்டு பூசி, பெயிண்டும் அடித்து, இனி எவனாலும் அசைக்க முடியாது என்று மார்தட்டிக்கொண்ட சுவர் அது.

"பழைய செங்கல்லுங்க. ஈரத்த உறிஞ்சும், வெளிய விடும். நீங்க ரெண்டு பக்கமும் சிமெண்டப் போட்டு வாயப் பொத்திட்டீங்க."

"தண்ணி புகாதுன்னு டப்பாவுல எழுதியிருந்துச்சே," என்றார் இவர்.

"தண்ணி அதையெல்லாம் படிக்காதுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் அந்தச் சுவர் எனக்கு விளையாட்டு விஷயமில்லை. மகளுக்கு ஆஸ்துமா. பூஞ்சை நாற்றம் பட்டாலே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ முறை வந்துவிட்டாள். வெயில் தாழ்வதற்குள் பையைத் தூக்கிவிடுவாள். ஒரே ஒரு நாள் அவள் இங்கே தூங்கி எழ வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

கொத்தனார் சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுத்தார். மாவாகிப்போன கற்களை ஒவ்வொன்றாக உருவி, வேறு கல் வைத்து, இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்பினார். வெளியே சுவரோடு குவிந்து கிடந்த மண்ணையும் வெட்டித் தள்ளினார். இரண்டு மாதம் காயவிட்டு வந்து, சுவரில் ஒரு பாலிதீன் தாளை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டினார்.

"உள்பக்கம் வேர்த்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். மூணு நாள் வேர்க்கலன்னா பாப்பாவக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது." கடைசி வார்த்தையை இவரைப் பார்த்தேதான் சொன்னார்.

முதல் நாள் ஒரு சொட்டு இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் சீக்கிரமே எழுந்து போய்ப் பார்த்தால், இவர் டேப்பின் ஓரத்தைப் பிரித்து, கைக்குட்டையை உள்ளே விட்டு, பரீட்சையில் பிட் அடிப்பவர் மாதிரித் திருட்டு முழியோடு துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"நாலு சொட்டுதாண்டி. அந்த ஆளு பாத்தா இன்னும் ஒரு மாசம்பான். அப்புறம் புள்ள எப்பதான் வர்றது?"

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மகள் கிளம்பிப் போகும்போதெல்லாம் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் மனிதர். நான் மட்டும்தான் ஏங்குகிறேன் என்று நினைத்திருந்தேனே!

இருந்தாலும் கொத்தனாரிடம் போட்டுக்கொடுத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மாதம் போகட்டும் என்றார். சொன்னபடி வந்து புதுத் தாளை ஒட்டி, பிரித்தால் தெரியும்படி டேப்பின் மேல் நீளமாகக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். கையெழுத்து குலையவில்லை. தாளும் வேர்க்கவில்லை.

மகள் வந்தாள். பூச்சில்லாத செங்கலில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பையைத் திறந்து இரவு உடையை எடுத்தாள்.

மறுநாள் மணி ஒன்பதாகியும் சத்தமில்லை. போய்ப் பார்த்தேன். இவர் காபி டம்ளரோடு படுக்கையறை வாசலில் நின்றிருந்தார். காபி ஆடை கட்டியிருந்தது.

"எழுப்பலையா?"

"ஷ்ஷ்," என்றார்.

உள்ளே அவள் வாயை லேசாகத் திறந்து, ஒரு காலைச் செங்கல் சுவர் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.