நாற்பத்தொரு நீலப் பட்டாம்பூச்சிகள்

முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவன் நான். நான் பிடித்த கெண்டை வீடு வருவதற்குள் திமிங்கிலமாகிவிடும்.

அண்ணி நேர் எதிர். ரிட்டயர்டு தாவரவியல் டீச்சர். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் ஒரு வகை நீலப் பட்டாம்பூச்சியை இருபது வருடமாக எண்ணி வந்தார். ஆள் கட்டைவிரல் நகம் அளவுதான், அயோக்கியத்தனத்தில் யானை. அதன் புழு எறும்புக் குஞ்சு போல நடிக்கும். எறும்புகள் ஏமாந்து புற்றுக்குத் தூக்கிப் போகும். உள்ளே உட்கார்ந்து அவற்றின் குஞ்சுகளையே தின்று கொழுக்கும். எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்.

அது முட்டையிடும் செடியை ஆடுகள் மிதிக்கின்றன என்று அண்ணி வேலி போட்டார். மறுவருடமே இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். எண்ணும் வேலை எனக்கு வந்தது.

“கொழுந்தனாரே, கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. பத்துக்குக் கீழ போனா வேலி போட்டது தப்புன்னு அர்த்தம். உடனே பிரிச்சிடணும்.”

“ஏன் அண்ணி, நான் என்னிக்குக் கூட்டிச் சொல்லியிருக்கேன்?”

“போதும், கிளம்புங்க.”

பார்த்தது நான்கு. திரும்பி வந்தபோது போர்வைக்கு வெளியே அவர் கால் குச்சியாகத் தெரிந்தது. என் வாயை அவர் நம்பமாட்டார். அதனால் வாசலிலேயே நின்று நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதினேன். நாற்பது என்றால் சந்தேகம் வரும்.

“பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரே நெரிசல் அண்ணி!”

அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார். வேலியும் அப்படியே நின்றது.

அடுத்த கோடையில் கோலூன்றி வந்தார். புல் என் மார்பளவு, சரி, முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. அதை விலக்கி மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

“சில்லுனு இருக்கு. வெயில் படாத மண்ணுல இந்த எறும்பு தங்காது. எறும்பு இல்லாம புழு எங்க போகும்?”

மூன்று சுற்று நடந்தோம். ஒன்றுகூட இல்லை.

“போன வருஷம் நிஜமா எத்தனை?”

“நாலு.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா ஆட்டை உள்ள விட்டிருப்பேனே.”

அவ்வளவுதான். திட்டவே இல்லை.

வேலியை நானே பிரித்தேன். ஆடுகள் மேய்ந்தன, மண் காய்ந்தது, இரண்டு வருடத்தில் எறும்புகள் திரும்பின. ஏமாற்ற ஆளில்லாமல் சுகமாகக் குடித்தனம் நடத்துகின்றன. பறந்து வருமளவு பக்கத்தில் இந்த நீலப் பட்டாம்பூச்சி வேறெங்கும் இல்லை.

இப்போதும் கோடையில் அண்ணி என்னைத்தான் எண்ண அனுப்புகிறார். பூஜ்யம் எழுதிக் கொடுக்கிறேன். வாங்கிப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடுகிறார்.