வடக்குச் சுவரின் ஈரம்

ஐப்பசி அடைமழையின் இரண்டாவது வாரத்தில், மாளவிகா தன் அப்பாவின் அறையில் பீரோவுக்குப் பின்னால் வடக்குச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பூத்திருப்பதைப் பார்த்தாள். துடைத்துவிட்டாள். நான்கே நாளில் திரும்ப வந்தது. பக்கவாதத்தால் எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்த அப்பா ராஜகோபாலனுக்கு இருமல் நிற்கவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர்கள் இருந்தது முதல் மாடி. அந்தச் சுவருக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில் குடியிருந்த சாய்மா வீட்டுக் குளியலறை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று மாளவிகா நினைத்தாள். மேலே போய்க் கதவைத் தட்டினாள்.

“உங்க பாத்ரூம்லேர்ந்துதான் தண்ணி இறங்கறது. அப்பாவால மூச்சு விட முடியலை.”

“எங்க வீட்ல எதுவும் ஒழுகலையே,” என்றாள் சாய்மா. ஆனால் நோயாளியின் நிலையைச் சொன்ன பிறகு அவள் வாதாடவில்லை. அடுத்த வாரமே ஆள் வைத்து டைல்ஸைப் பெயர்த்துக் குழாயை மாற்றினாள். வேலை முடியப் பத்து நாள் ஆனது. அதுவரை அவளும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் விடியற்காலையில் மந்தைவெளியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள்.

சுவர் காயவில்லை.

மாளவிகா மறுபடி மேலே போகக் கிளம்பியபோது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிப் பேச வந்திருந்த பெயின்டர் ஜவஹர் தடுத்தார். சப்பாத்தி சுற்றும் ஃபாயில் காகிதத்தைக் கேட்டு வாங்கி, ஒரு துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார்.

“ரெண்டு நாள் உடும்மா. பின்னால தண்ணி நின்னா செவுத்துலர்ந்து வர்து. முன்னால நின்னா ரூம்லர்ந்து வர்து.”

இரண்டு நாள் கழித்து ஃபாயிலின் முன்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றது. பிரித்துப் பார்த்தபோது பின்பக்கம் உலர்ந்திருந்தது. ஜவஹர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல்கள் மூடியிருந்தன. கட்டிலைத் தாண்டி, குறுக்கே கட்டிய கொடியில் விரிப்புகளும் வேட்டிகளும் சொட்டிக்கொண்டிருந்தன.

“இன்னாம்மா, இவ்ளோ ஈரத்துணி உள்ளயே தொங்கினு கீது? நைட்டு ஏசி போட்டா செவுரு சில்லுனு ஆவுது. இந்த ஈரமெல்லாம் அதுலதான் போய் ஒக்காருது. மேல் வூட்ல ஒண்ணியும் இல்ல. மழை விட்டா ஜன்னல தொற, துணிய மாடில போடு, பீரோவ கொஞ்சம் தள்ளி வை.”

மாளவிகா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகாததற்கு மழை மட்டும் காரணமில்லை. படுக்கையிலேயே சிறுநீர் போகத் தொடங்கிய முதல் வாரம் அப்பா கேட்டுக்கொண்டது அது: “என் துணியை மாடியில போடாதேம்மா, எல்லாரும் பார்ப்பா.” முப்பது வருடம் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். எத்தனை துவைத்தாலும் அந்த விரிப்புகளில் கறை போவதில்லை.

அன்று சாயங்காலம் மேலே போய், அப்பா கேட்டுக்கொண்டது உட்பட எதையும் மறைக்காமல் சாய்மாவிடம் சொன்னாள்.

“என் பசங்க அரைத்தூக்கத்துல எழுந்து ஆட்டோல போய்க் குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போனாங்க,” என்றாள் சாய்மா. குரல் உயரவில்லை. “முதல்லயே யாரையாவது கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்.”

“அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லை.”

“அவர்கிட்ட சொல்லுங்க.” கதவு சாத்தப்பட்டது.

மாளவிகா கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள். ராஜகோபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவாத்துக் குழந்தைகள் பத்து நாளா வெளியில போயா குளிச்சா?”

“ஆமாம்ப்பா.”

“அப்போ மாடியிலயே போடு.”

மார்கழி வெயிலில் மூன்று வாரத்தில் சுவர் உலர்ந்தது. இருமல் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சாய்மா தலையசைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் திடீரென்று தூறல். மருந்து வாங்கப் போயிருந்த மாளவிகா ஓடி வந்தபோது, மொட்டைமாடிக் கொடியில் போட்டிருந்த விரிப்புகள் அவள் வீட்டு வாசலில் ஒரு பக்கெட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே போனாள். சாய்மா கதவைத் திறந்தாள்.

“ரெண்டு மட்டும் இன்னும் ஈரமா இருக்கு. வெயில் வந்ததும் மறுபடி போடுங்க,” என்றாள்.