பாதி விளம்பரம்

ஜெசிந்தா மெஸ் திறக்கப் போகிறாள் என்றதும் காலனியில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல், மீதிப் பேருக்கு அறிவுரை. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் கேன்டீனில் பல வருஷம் குழம்பு வைத்தவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டு, கல்பாக்கம் போகும் வழியில் கடற்கரைச் சாலையோரம் தன் பெயரிலேயே போர்டு மாட்டிவிட்டாள். கடை ஓடாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை.

விளம்பரத்தையும் அவளே யோசித்தாள். பக்கத்தில் குளோரின் கம்பெனி. அதன் ஊழியர் குடியிருப்பில் புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற குடும்பங்கள். அவர்களுக்கு வாசலிலேயே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். காலையில் பாதியைச் சொல்லி ஆவலைக் கிளப்பிவிட்டு, மீதியைச் சாயங்காலம் சொல்ல வேண்டும். ஒன்றுவிட்ட அண்ணன் கருப்பனின் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டித் தன் குரலையே பதிவு செய்தாள். முதலில் ஒரு சங்கு ஊதும். பிறகு, 'கதவைச் சாத்துங்கள். வெளியே வராதீர்கள். உள்ளேயே இருங்கள்.' சாப்பாடு வீடு தேடி வரும் என்பது சாயங்காலப் பங்கு.

ஆட்டோ குடியிருப்பை ஒரு சுற்று முடிப்பதற்குள் ஜன்னல்கள் படபடவென்று அடைபட்டன. பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. குளோரின் கசிந்தால் இப்படித்தான் அறிவிப்பு வரும் என்று கம்பெனி வண்டி வருஷா வருஷம் வந்து ஒத்திகை நடத்தியிருக்கிறது. அதிலும் முதலில் சங்கு, அப்புறம் இதே மூன்று கட்டளைகள்தான்.

கசிவு ஏதும் இல்லையென்று தெரிந்ததும் இது நாசவேலைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். துப்பாக்கியோடு போலீஸ் ஜீப்புகள் வந்து ஆட்டோவை மறித்தன. ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்து மோப்ப நாய்க்குக் காட்டினார்கள். நாய்க்கு அதில் நாட்டமே இல்லை, பின்சீட்டில் இருந்த மீன் குழம்பு வாளியையே சுற்றிச் சுற்றி வந்தது.

குழம்பைப் பார்த்த பிறகாவது விட்டிருக்கலாம். விடவில்லை. கருப்பனோடு ஜெசிந்தாவையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். இன்ஸ்பெக்டர் அருணகிரி ஒரு தாளை நீட்டினார். வேண்டுமென்றே பீதியைக் கிளப்பினேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் கடை திறக்கலாம். இல்லாவிட்டால் வழக்கு, கடைக்கும் பூட்டு.

"போட்டுட்டு வா ஜெசி. இன்னாத்துக்கு பேஜாரு?" என்றான் கருப்பன்.

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனுமதி வாங்காமல் ஸ்பீக்கர் கட்டியதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வேண்டுமென்றே செய்தேன் என்று மட்டும் எழுத மாட்டேன் என்றாள். எதிரே கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி பரணிதரன் உட்கார்ந்திருந்தார். இந்த வட்டாரத்தில் அந்த அறிவிப்பு தெரியாதவர் யார், தெரிந்தேதான் செய்திருக்கிறாள் என்றார்.

"எனக்குத் தெரியாது சார். உங்க சுவத்த ஒட்டித்தான் எங்க காலனி கீது. ஒரு தபாகூட அந்த வண்டி எங்க தெருவுக்கு வந்ததில்ல."

அருணகிரி அவர் பக்கம் திரும்பினார். பரணிதரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, காலனித் தெரு குறுகல், வண்டி நுழையாது என்றார்.

"கக்கூஸ் கழுவ ஆள் ஏத்திக்கினு போக மட்டும் உங்க வேன் தெனம் காலைல எங்க வூட்டு வாசல் வரிக்கும் வருதே சார்."

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அருணகிரி அந்தத் தாளைத் தன் பக்கமாக இழுத்து மடித்தார். வழக்கு வேண்டாம், போய்க் கடையைத் திறம்மா என்றார். காலையிலிருந்து அவள் காத்துக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கருப்பன் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டான்.

ஜெசிந்தா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கட அப்பறம் தொறக்கறேன் சார். நெசமாவே குளோரின் வந்தா நாங்க கதவச் சாத்தறதா, ஓடறதா? இவரு எங்க தெருவுக்கு என்னிக்கு வந்து சொல்லுவாருன்னு எழுதிக் குடுக்கட்டும். அதுவரிக்கும் நான் இங்கியேதான் குந்திக்கினு இருப்பேன்."

பரணிதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற கருப்பன் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.