வலது ஓர நாற்காலி

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டை யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது. கல்யாணமாகி வந்த அன்றே அத்தை சொல்லிவிட்ட சட்டம். மேஜையின் ஒரு பக்கம் மாமா மட்டும், முதலாளி மாதிரி. எதிரே வரிசையாக நாங்கள் நால்வர். மாமாவுக்கு இடது ஓரம் அத்தை, அடுத்து நாத்தனார், அப்புறம் என் கணவர், வலது ஓரம் நான். அடுப்பு அந்தப் பக்கம்தான். எழுந்து எழுந்து பரிமாற மருமகளைவிட்டால் வேறு யார்?

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அதுவரை இரவல் கேமராவில் படம் எடுத்துவந்த மாமா சொந்தமாக ஒன்று வாங்கினார். தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் எங்களை ஒரு படம், வருஷம் முழுக்க. வருஷத்தின் கடைசி ஞாயிறு அந்த வருஷப் படங்களைக் கூடத்தில் பரப்பி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வது என் கணவர் குழந்தையாக இருந்தபோதே தொடங்கிய வழக்கம். இந்த முறை பெட்டி நிறையப் படம் சேரும் என்று மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் சில மாதங்கள் ஒழுங்காகத்தான் போயின. பிறகு படத்தில் என் காது போயிற்று. துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள் நான், அரை விரல் குறைந்தாலும் கண்ணில் பட்டுவிடும். காதுக்கு அடுத்து தோள், பிறகு பாதி முகம். ஒருநாள் படத்தில் நான் நீட்டிய கரண்டி மட்டும் இருந்தது.

"அண்ணி இன்னிக்கு ரொம்ப இளைச்சுட்டாங்க," என்றாள் நாத்தனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிரவு கணவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்கப்பாவுக்கு என்னைக் கண்டா ஆகலைன்னா நேரா சொல்லச் சொல்லுங்க."

"அவருக்கு அந்த சூதெல்லாம் தெரியாது. விடு."

விடவா? நான் என்ன வழியில் போகிறவளா? மாமாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. இன்று நியாயம் கேட்டே தீருவது என்று படங்களையெல்லாம் தேதி வாரியாக நானே பரப்பினேன்.

"பாருங்க மாமா, நான் எப்படிக் கரைஞ்சு போயிருக்கேன்னு."

"உன்னை விட்டுட்டு எடுப்பேனாம்மா? தினமும் நீயும்தானே இருந்தே," என்றார். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் கணவரின் பாதி முகம் கண்ணில் பட்டது. எனக்குக் கடையில் வேலை அதிகமாகி நான் தாமதமாக வந்த நாள் அது. பரிமாறுவதற்காக அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் அங்கே நாத்தனார், அவளும் பாதிதான். பெற்ற பிள்ளைகளை யாராவது வேண்டுமென்று வெட்டுவார்களா? மாமாவின் வலப்பக்கமாகப் போய் நின்று, அவர் தோளுக்கு நேராக இரண்டு விரலை நீட்டினேன்.

"மாமா, திரும்பாம சொல்லுங்க. இது எத்தனை?"

"எது?" என்றார்.

கண் டாக்டர் ஏதேதோ இயந்திரத்தில் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் நரம்பு கெட்டிருக்கிறது என்றார். "போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம். வீட்ல யாருமே எதையும் கவனிக்கலையா?"

கவனித்தவள் நான் ஒருத்திதான். அரை விரல் அரை விரலாகக் கவனித்துக் கவனித்துக் கோபப்பட்டேன். இப்போது யாரைத் திட்டுவது? வண்டியில் வரும் வழியெல்லாம் அழுதேன். மாமாதான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தார்.

அன்று இரவும் கேமராவை எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் சத்தமில்லாமல் எழுந்துபோய் அத்தைக்கு அந்தப் பக்கம், இடது ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் அவருக்கு நன்றாகத் தெரிகிறதே. இனிமேல் இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

மாமா துடைத்த கையோடு, நிமிர்ந்து பார்க்காமலே கேமராவைக் கண்ணில் வைத்தார். பிறகு, என்றும் இல்லாமல், மெதுவாக அதை வலது பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அத்தை என் கையைப் பிடித்தார். கிளிக் என்றது.

"இன்னிக்கு நீ முழுசா விழுந்திருப்பேம்மா," என்று அந்தப் பக்கமே திரும்பியபடி கேமராவை என் நாற்காலியை நோக்கி நீட்டினார். "கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன். நீயே பாத்துச் சொல்லு."

ஓடிப்போய் அங்கே நின்று வாங்கிப் பார்த்தேன். நாத்தனாரின் ஒரு கை. என் கணவர். அவருக்குப் பக்கத்தில் என் நாற்காலி, நான்கு காலும் முதுகும் துளி வெட்டுப்படாமல்.

"வந்திருக்கேன் மாமா," என்றேன்.