வியர்வையில் மீன் வாடை

துவைக்கப் போட்டிருந்த பனியனை எடுத்ததும் ஜெயாவின் முகம் மாறியது. பச்சை மீன் வாடை. அந்த வாரம் வீட்டில் மீனே வாங்கவில்லை.

"மறுபடியும் கடலுக்குப் போனியா?"

பல் துலக்கிக்கொண்டிருந்த சிங்காரவேலு திகைத்துப் போனார். "இன்னா ஒளர்ற? கிரவுண்டுக்குப் போயிட்டு வரேன்."

"பொய் சொல்லாத. இந்த வாடை எனக்குத் தெரியாதா?"

அவருடைய தம்பி போன படகு திரும்பாத வருடம்தான் இருவரும் கடலோர வீராம்பட்டினத்தை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒதியம்பட்டுக்கு வந்தார்கள். இனி படகில் கால் வைக்க மாட்டேன் என்று ஜெயாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் அவர். இப்போது கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். வீராம்பட்டினத்துத் திருவிழாவில் பழைய கபடி ஆட்டக்காரர்களுக்கு ஒரு போட்டி என்று கூட்டாளி அரிகரன் கூப்பிட்டதிலிருந்து தினமும் விடிகாலையில் மைதானத்துக்கு ஓடுகிறார்.

"சத்தியமா கடல் பக்கமே போகலடி. வேணும்னா என்னையே மோந்து பாரு."

பார்த்தாள். வாடை துணியில் மட்டுமல்ல, அவர் கழுத்திலும் இருந்தது. அழுகை வந்துவிட்டது. உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று இப்போது வேறு பயம்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சகாயராணி பரிசோதித்துவிட்டு, புதிதாக ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சிங்காரவேலு தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தெம்புக்கென்று தவளக்குப்பத்து ஜிம்மில் வாங்கிய கார்னிட்டின் மருந்து. ஜெயா அதைப் பார்ப்பதே அப்போதுதான்.

"பாட்டில்ல ஒரு மூடின்னுதான் போட்டிருக்கு. நீங்க எவ்ளோ குடிக்கிறீங்க?"

"சீக்கிரம் தெம்பு வரட்டும்னு மூணு, நாலு மூடி..."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது நம்ம உடம்பே செய்யுற பொருள்தான், கறியிலயும் இருக்கு. அளவுக்கு மீறிக் குடிச்சா மிச்சத்த குடல்ல இருக்குற கிருமிங்க வேற ஒண்ணா மாத்திடும். அது வேர்வையில வரும்போது மீன் வாடை அடிக்கும். நிறுத்தினா போயிடும்."

"இத குடிச்சா பலம் வராதா டாக்டர்?"

"ஆடின பிறகு வர்ற தசைவலி சிலருக்குக் கொஞ்சம் குறையுது. வேகம் கூடும்னு உறுதியா சொல்ல முடியாது. அளவா எடுத்தா பெரும்பாலும் கெடுதல் இல்ல, சிலருக்கு வயித்த பெரட்டும். ஆனா தைராய்டு மாத்திரையோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ சாப்பிடுறவங்களும், வலிப்பு இருக்குறவங்களும் கேக்காம தொடவே கூடாது. உங்களுக்கு அதெல்லாம் உண்டா?"

"எதுவும் இல்லீங்க."

வண்டியில் திரும்பும்போது, கல்யாணமான புதிதில் கூடையோடு கரையில் காத்துக்கிடந்த காலைகள் ஜெயாவுக்கு நினைவில் வந்தன. படகிலிருந்து குதித்து வருவார், முழங்கையெல்லாம் செதில் மினுங்கும். கிட்ட வராதே என்று கத்தினால் வேண்டுமென்றே வந்து கட்டிக்கொள்வார்.

"காலையில அந்த பனியன உடனே தண்ணியில போடல நானு," என்றாள். "கொஞ்ச நேரம் கையிலயே வச்சிக்கினு இருந்தேன்."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

மருந்தை நிறுத்தியதும் வாடை போய்விட்டது. போட்டியன்று கபடி பாடிப் போன முதல் தடவையே ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த முறை எதிரணியில் நின்ற அரிகரன் அவருடைய இடுப்பைப் பிடித்து அப்படியே உட்கார வைத்துவிட்டார். இரண்டு தொப்பைகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்க, எழுந்திருக்க முடியாமல் இருவரும் சிரித்தார்கள். அணி தோற்றது.

ஆட்டம் முடிந்து ஜெயாதான் கடற்கரைக்குப் போகலாம் என்றாள். ஊரை விட்ட பிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. மணலில் உட்கார்ந்து கொழுந்தனைப் பற்றிப் பேசினாள். அவன் சாப்பாட்டில் குறை சொன்னதை, அண்ணி அண்ணி என்று சுற்றி வந்ததை. சிங்காரவேலு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது ஒரு படகைக் கரையேற்ற ஆள் போதாமல் கூப்பிட்டார்கள். அவர் அவளைப் பார்த்தார்.

"போ. கரையில நின்னுதான இழுக்கப்போற," என்றாள் ஜெயா. அவர் போய்க் கயிற்றைப் பிடித்தார். அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள்.