மூன்றாம் அடுப்பின் கதவு

என் அப்பா பியன் யுங்ஷுன் தமது எண்பதாவது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். புதிய நான்காம் படை நினைவு அருங்காட்சியகத்தின் இயக்குநர் தெங், வாசலில் வாடகைக்குத் தொங்கிய சாம்பல் நிற உடுப்புகளில் ஒன்றை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டார். தொப்பி காதுவரை இறங்கியது. ஜப்பான்காரனோடு அந்தப் படை சண்டை போட்டபோது அப்பாவுக்கு ஆறு வயது. அன்று அவர் காட்டிய வீரமெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டதுதான்.

"நான் பட்டாளத்துக்காரன் இல்லையே தம்பி."

"யாருங்கய்யா கேக்கப் போறாங்க? போட்டோவுல எடுப்பா இருக்கும்," என்றார் தெங். தலைக்குக் கறுப்புச் சாயமும் பேச்சுக்குச் சர்க்கரையும் தாராளமாகப் போடுகிற மனிதர்.

எங்களை அழைத்ததற்குக் காரணம் ஒரு கதவு.

அந்தப் படைக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஊரில் தங்கினால் வீடுகளின் கதவுகளை இரவல் வாங்கி, அவற்றின்மேல் வைக்கோலைப் பரப்பிப் படுப்பார்கள். புறப்படும்போது வைக்கோலைக் கட்டி வைத்துவிட்டுக் கதவுகளைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது விதி. எங்கள் பக்கத்துக் கதவுக்கு ஆணி கிடையாது, குடுமியைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். எங்கள் பக்கத்து ஊர்களுக்கு, அந்தக் காலத்தில் உப்புக் காய்ச்சிய அடுப்புகளின் எண்தான் பெயர். நாற்பத்தொன்றாம் வருஷக் குளிர்காலத்தில் எங்கள் ஊரான மூன்றாம் அடுப்பிலும், அடுத்த ஊரான ஐந்தாம் அடுப்பிலும் அப்படித்தான் கதவு வாங்கினார்கள். திடீரென்று சண்டை மூண்டது. அடிபட்டவர்களைக் கதவிலேயே கிடத்தித் தூக்கிப் போக ஆள் கேட்டார்கள். எங்கள் கதவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் அண்ணன் யுங்தாய் போனார். அவருக்குப் பதினாறு வயது.

நாலு நாள் கழித்துக் கதவுகளெல்லாம் ஒரு படகில் வந்தன. யுங்தாய் பெரியப்பா வரவில்லை.

வந்தவர்கள் பாவம், விதிப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதவை மாட்டிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு வந்தது எங்கள் கதவு அல்ல. மூன்று விரல் குட்டை, ஒரு விரல் ஒடிசல். அந்த இடுக்கு வழியாக எழுபது வருஷத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வந்தது. ஊரே வீட்டை இடித்து மாடி கட்டியபோதும் அப்பா வேறு கதவு போட விடவில்லை. "நம்ம கதவைக் கொண்டாந்தா இதைக் கழட்டிக் குடுக்கணும்," என்பார். காய்கறிக் கடையில் நாளெல்லாம் ஊராரோடு மல்லுக்கட்டுகிற எனக்கே அந்த ஒரு விஷயத்தில் அவரை ஜெயிக்க முடிந்ததில்லை.

தொலைந்த கதவின்மேல் அத்தனை ஆசை எதற்கு என்றால், அதில் பெரியப்பா இருந்தார். புத்தாண்டுக்கு முந்தின இரவு பிள்ளைகளைக் கதவோடு ஒட்டி நிறுத்தி, உயரத்துக்கு ஒரு கோடு கீறுவது எங்கள் வீட்டு வழக்கம். இடது பக்கம் அப்பாவின் கோடுகள், வலது பக்கம் அண்ணனுடையவை. பெரியப்பாவுக்குப் புகைப்படம் கிடையாது, கல்லறை கிடையாது. கதவு தூக்கப் போனவன் சிப்பாய்க் கணக்கில் சேரமாட்டான் என்று தியாகிகள் பட்டியலிலும் பெயர் இல்லை. தெற்கே ஓடிப்போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறான் என்றுகூட ஊரில் பேசினார்கள்.

போன வருஷம் தெங் வந்து அந்தக் குட்டைக் கதவைக் கேட்டார். இது எங்களுடையது இல்லை, மாறி வந்தது என்று அப்பா விவரமாகச் சொன்னார். தெங் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருந்தால் உரியவர் தேடி வருவார் என்று நம்பி அப்பா கழற்றிக் கொடுத்தார். இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே நாலு விளக்கோடு நிற்கிறது. கீழே பலகையில், 'ஒரு கீறலும் படாமல் உரியவரிடமே திருப்பித் தரப்பட்ட கதவு' என்று எழுதியிருக்கிறது.

வெற்றியின் எழுபதாம் ஆண்டு விழாவில் அதையே அப்பா ஒலிபெருக்கியில் சொல்லவேண்டுமாம்.

"நாலே வரிதான் ஐயா. கதவு வந்துச்சு, கீறல் இல்ல, கண்ணு கலங்குச்சு, நன்றி," என்றார் தெங்.

"அது வேற யாரோ கதவு தம்பி."

"கதவு வந்துச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க போதும்."

விழாவுக்கு நேரம் இருந்ததால் சுற்றிப் பார்த்தோம். ஏதோ அலுவலகத்து ஆட்கள் கொடிக்கு முன்னால் முஷ்டியை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். படம் சரியாக வரவில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். நாட்டுக்காக உயிரைத் தருவதாக ஒரே காலையில் இரண்டு தடவை சொன்ன களைப்பில், உணவகத்தில் போய்த் தவிட்டு ரொட்டி வாங்கினார்கள். பழைய கஷ்டத்தை நினைவூட்டுகிற ரொட்டியாம். ஒரு கடி கடித்துப் படம் எடுத்துவிட்டுப் பன்றிக்கறி நூடுல்ஸ் வரவழைத்தார்கள்.

வெளியே போகிற வழியில் அட்டையால் ஒரு குடிசை கட்டி வைத்திருந்தார்கள். வாடகை உடுப்பில் வருகிறவர்கள் அதன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். குடிசைதான் அட்டை, கதவு நிஜம். ஊர் ஊராகப் போய்ப் பழைய மரம் பொறுக்கியதில் ஐந்தாம் அடுப்பில் கிடைத்ததாம்.

அப்பா நின்றுவிட்டார். பிறகு குனிந்து கதவின் அடிமுனையைத் தடவினார். அங்கே பாதி நிலா மாதிரி ஒரு பள்ளம்.

"ஷியூ, இது நம்ம பன்னி கடிச்சது."

நானும் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் சின்னச் சின்னதாக ஐந்து கோடுகள். வலது பக்கம் ஏணிப்படி போல ஏறிப் போயின கோடுகள்.

அப்பா தொப்பியைக் கழற்றினார். வலது பக்கமாகப் போய் முதுகை ஒட்டி நின்றார். முதுகு கூனி, எலும்பு தேய்ந்து, கடைசிக் கோடு அவர் உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது.

"பாத்தியா? சின்னப்புள்ளையில எட்டி எட்டிப் பாப்பேன், எட்டவே எட்டாது. இப்பத்தான் அண்ணன் உசரத்துக்கு வந்திருக்கேன்."

படம் எடுக்கிற பெண் அவரை வாடிக்கைக்காரர் என்று நினைத்துவிட்டாள். "தாத்தா, கையை நெஞ்சுல வைங்க. சிரிங்க," என்றாள். அப்பா சிரித்தார். படம் உடனே கைக்கு வந்தது. கோடுகள் எல்லாவற்றையும் அப்பாவின் முதுகும் தலையும் மறைத்திருந்தன.

"வேற எடுக்கச் சொல்லவா?" என்றேன்.

"எதுக்கு? கதவு எங்க ஓடிறப் போகுது?" என்றார்.

மேடையில் அவர் நாலு வரி சொல்லவில்லை. "கதவு திரும்பி வந்துச்சு. அது நெசம். ஆனா அது எங்களுது இல்ல. எங்களுது வெளியில போட்டோ எடுக்கிற இடத்துல நிக்குது. அதுல எங்க அண்ணன் இருக்கான். அதை உள்ள வைங்க," என்றார். முன்வரிசைப் பள்ளிப்பிள்ளைகளின் ஆசிரியை, தட்டச் சொல்லிக் கையை உயர்த்தினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து அதிகாரிகளும் தட்டினார்கள். 'கண்ணீர் மல்க நன்றி சொன்ன முதியவர்' என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது.

ஆனால் தெங்கை முழுக்கக் குறை சொல்ல முடியாது. மேடையில் அப்பா சொன்னதை அவர் காதில் வாங்கியிருந்தார். ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார். "ஐயா, உங்க கதவை உள்ள வெச்சுட்டோம். அதே கண்ணாடி, அதே விளக்கு. வந்து பாருங்க."

அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டார். எழுபத்துநாலு வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை என்று சொல்வேன், எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது என்றாலும்.

கதவு தகதகவென்று நின்றது. மேலிருந்து கீழ்வரை இழைத்து, தேய்த்து, மெருகெண்ணெய் பூசியிருந்தார்கள். பன்றி கடித்த பள்ளத்தை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார்கள். பழைய அறிவிப்புப் பலகை அப்படியே இருந்தது. அதில் எழுதியது பொய்யாகிவிடக் கூடாதென்று கதவைத் திருத்திவிட்டார்கள்.

"உன் கண்ணு நல்லாயிருக்குமே, பாரு. வலது பக்கம்," என்றார் அப்பா.

கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தெங்கை அறையவேண்டும் போல இருந்தது. அதுகூட முடியவில்லை, மனிதர் அத்தனை பெருமையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு தச்சருங்க, அஞ்சு நாள் வேலைங்கய்யா. கண்டபடி கீறி வெச்சிருந்தானுங்க. இப்ப திருப்திதானே?"

அப்பா கண்ணாடிமேல், உச்சந்தலை உயரத்தில், கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை சுத்தம் தம்பி," என்றார். "ஆனா இந்தத் தடவையும் வேற யாரோ வீட்டுக் கதவைக் குடுத்துட்டீங்க."